சனிக்கிழமைக் கூட்டம்

வெளிமாநிலங்களில் வாழும் நம் குடும்பங்களில் இப்போது ஒரு புதுவகைக் கவலை தோன்றியிருக்கிறது. முன்னாளில் மகன் டில்லிக்கோ பம்பாய்க்கோ உத்தியோகத்துக்குப் போனால், "சாப்பாட்டுக்கு என்னப்பா செய்கிறாய்?" என்பதே தாய் எழுதும் கடிதத்தின் முதல் வரியாக இருக்கும். இன்று கைப்பேசியில் விரலை வைத்தால் சாப்பாடு வாசலுக்கு வந்து விடுகிறது. மளிகைச் சாமான் வருகிறது. சலவைத் துணி வருகிறது. போதாக்குறைக்கு வேலையும் வீட்டுக்கே வந்து விடுகிறது. ஆகையால் இக்காலத்துத் தாய் கேட்க வேண்டிய கேள்வி வேறு: "இன்றைக்கு நீ யாருடனாவது முகம் பார்த்துப் பேசினாயா?"

நேயர்களே, இந்தக் கேள்விக்கு "இல்லை" என்று பதில் சொல்லிக் கொண்டிருந்த ஓர் இளைஞனை எனக்கு நன்றாகத் தெரியும். அவன் என் தமக்கையின் மகன். கோவில்பட்டிப் பக்கத்தில் பொறியியல் படித்துத் தேறி, டில்லியை ஒட்டிய குருகிராமில் ஒரு நிறுவனத்தில் வேலைக்கு அமர்ந்தான். இணையப் பக்கங்களை அமைப்பது அவன் தொழில். வாரத்தில் ஒரு நாள் அலுவலகத்துக்குப் போனால் போதும். மற்ற நாட்களில் மூன்றாம் மாடியில் ஓர் ஒற்றை அறையில் லேப்டாப்பின் முன் உட்கார்ந்திருப்பான். ஹிந்தியில் காய்கறி வாங்குவான், வழி கேட்பான், அதற்குமேல் வராது. ஆங்கிலத்தில் நன்றாக எழுதுவான். வாய் திறந்து பேசத் தயங்குவான்.

சென்ற தீபாவளிக்கு அவன் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது முகத்தில் களையே இல்லை. மெல்ல விசாரித்தேன். அவன் அமைத்த ஒரு பக்கத்தில் ஏதோ பிழை. பக்கத்தைத் திறந்தவுடன் நன்றாக ஓடுகிறது. அரை மணி நேரம் கழிந்தால் நொண்டுகிறது. ஒரு மணி நேரம் ஆனால் நின்றே போகிறது. ஒன்பது நாட்களாகக் காரணம் புலப்படவில்லை. மேலாளரிடம் கேட்டதற்கு, எல்லோரும் படிக்கும் பொது அரட்டைப் பகுதியில், "இதுகூடத் தெரியாதா?" என்று அவர் பதில் எழுதி விட்டாராம். அதன் பிறகு இவன் எவரையும் எதுவும் கேட்பதில்லை. வேலையை விட்டுவிட்டு ஊருக்கே போய்விடலாமா என்று யோசித்துக் கொண்டிருப்பதாகச் சொன்னான். "அம்மாவிடம் சொல்லாதீர்கள், மாமா" என்றும் கேட்டுக் கொண்டான்.

என்னுடன் பணிபுரியும் பஞ்சாபி அம்மையார் ஒருவரின் மகளும் இதே தொழிலில் இருக்கிறாள். அந்தப் பெண் சொல்லித்தான், மாதம் ஒரு சனிக்கிழமை இத்தொழிலைச் செய்பவர்கள் ஓரிடத்தில் கூடிப் பேசுகிறார்கள் என்பதும், அதற்கு 'மீட்டப்' என்று பெயர் என்பதும் எனக்குத் தெரிய வந்தன. கட்டணம் கிடையாது, பெயரைப் பதிவு செய்தால் போதும். மருமகனிடம் சொன்னேன்.

"அங்கே வருகிறவர்கள் எல்லாம் பெரிய நிபுணர்களாக இருப்பார்கள், மாமா. நான் போய் என்ன செய்வது?" என்றான்.

"நீ ஒன்றும் செய்ய வேண்டாம், நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் போதும். நானும் கூட வருகிறேன். எனக்கு அதில் ஓரெழுத்தும் தெரியாது. ஆகையால் அந்த மண்டபத்திலேயே மிகக் குறைவாகத் தெரிந்தவன் நீயாக இருக்க முடியாது" என்றேன்.

கூட்டத்துக்குள் நுழையுமுன், அதற்கு வருபவர்களின் தொழிலைப் பற்றி இரண்டொரு வார்த்தைகள் சொல்லி விடுகிறேன். அவர்கள் எழுதுவது ஜாவாஸ்கிரிப்ட் என்னும் நிரல்மொழி. ரயில் பயணச்சீட்டுப் பதிவு செய்யும்போது நாம் ஊரின் பெயரில் இரண்டெழுத்துத் தட்டியவுடன் மிச்சத்தைத் திரை தானே எடுத்துக் கொடுக்கிறதே, அத்தகைய வேலைகளை உலாவிக்குள் இருந்து செய்வது பெரும்பாலும் இந்த மொழியே. 1995ஆம் ஆண்டு மே மாதத்தில், அமெரிக்காவில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய பிரெண்டன் ஐக் என்பவர் பத்தே நாட்களில் இதன் முதல் வடிவத்தைச் செய்து முடித்தார். முதலில் மோக்கா என்று பெயர், பிறகு லைவ்ஸ்கிரிப்ட், அந்த ஆண்டு முடிவதற்குள் ஜாவாஸ்கிரிப்ட். ஜாவா என்று வேறொரு மொழி அப்போது பெரும் புகழோடு இருந்தது. அந்தப் பெயரின் செல்வாக்கை இதுவும் கொஞ்சம் கடன் வாங்கிக் கொண்டது. மற்றபடி அது வேறு, இது வேறு.

பத்து நாளில் பிறந்த குழந்தையாதலால் சில கோணல்கள் அதனுடன் பிறந்தவை. 1997இல் இதற்கு ஒரு பொதுத்தர விதிநூல் ஏற்பட்டது. 2015 முதல் ஆண்டுதோறும் புதுப் பதிப்பு வெளிவருகிறது. கல்லூரியில் ஒரு முறை படித்துத் தேறி அதை வைத்தே முப்பது ஆண்டுகள் காலந்தள்ளுவது இத்தொழிலில் நடவாது. என்னைப் போன்ற மொழிபெயர்ப்பாளனுக்குத் தொல்காப்பியர் செய்து வைத்த ஏற்பாடு இன்னமும் கைகொடுக்கிறது. இவர்களுக்கோ ஒவ்வோர் ஆண்டும் இலக்கணத்தில் ஒரு புதுச் சூத்திரம் சேர்ந்து விடுகிறது. பாடங்கள் இணையத்தில் ஏராளமாக இருக்கின்றன. ஆயினும், தான் படித்ததைச் சரியாகப் புரிந்து கொண்டோமா என்று சோதித்துக் கொள்வதற்கு எதிரில் ஒரு மனிதன் வேண்டியிருக்கிறான்.

இனிக் கூட்டத்துக்கு வருவோம். பத்து மணி என்று அறிவித்திருந்தார்கள். கண்ணாடியால் ஆன ஒரு பெரிய கட்டடத்தின் ஐந்தாம் மாடியில், ஏதோ ஒரு நிறுவனம் இரவலாகக் கொடுத்த மண்டபம். கீழே காவலர் எங்களுடைய அடையாள அட்டைகளை வாங்கிப் பெயர்ப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தார். பட்டியலில் நூற்று நாற்பது பெயர்கள் இருந்தன. வந்திருந்தவர்கள் ஐம்பது பேர் இருக்கலாம். கட்டணம் இல்லாத கூட்டத்துக்குப் பெயர் கொடுப்பது எளிது. சனிக்கிழமை காலையில் படுக்கையை விட்டு எழுவது கடினம். கூட்டத்தை நடத்துகிறவர்கள் இதையும் கணக்கில் கொண்டுதான் சமோசாவுக்குச் சொல்லி விடுகிறார்கள்.

நடத்துகிறவர்கள் என்றால் மூன்று இளைஞர்கள். எவரும் அந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர் அல்லர். எவருக்கும் இதற்காக ஒரு காசு கிடையாது. ஒருவர் வாசலில் நின்று வருகிறவர்களை வரவேற்றார். இரண்டாமவர் பேசுகிறவர்களுக்குக் கால அளவைக் காட்டும் அட்டைகளை வைத்திருந்தார். மூன்றாமவர் தோளில் ஒரு பை. அதற்குள் பலவகை இணைப்பு வயர்கள். பேசுகிறவர் கொண்டுவரும் லேப்டாப்பின் துவாரம் ஒரு விதம், மண்டபத்துப் புரொஜெக்டரின் துவாரம் வேறு விதம். இரண்டுக்கும் நடுவே தூது போக ஒரு வயர் வேண்டும். அந்தப் பை இல்லாவிட்டால் கூட்டமே இல்லை என்று பிறகு தெரிந்து கொண்டேன்.

மூன்று பேச்சுகள் நடந்தன. முதலாவது, விலை மலிவான கைப்பேசியில் ஒரு பக்கம் ஏன் மெதுவாகத் திறக்கிறது என்பது பற்றி. பேசியவர் தம் பக்கத்தையே உதாரணமாக எடுத்துக் கொண்டு, தாம் செய்த தவறுகளை ஒவ்வொன்றாகத் திரையில் காட்டினார். பிறர் குறையைக் காட்டும் பேச்சுகளையே பெரிதும் கேட்டுப் பழகிய எனக்கு இது புதுமையாக இருந்தது.

இரண்டாவது பேச்சு, 'பிராமிஸ்' என்னும் ஒரு பொருளைப் பற்றியது. இங்கே என் தொழில் புத்தி விழித்துக் கொண்டது. உலாவி எங்கோ தொலைவில் உள்ள சர்வரிடம் ஒரு தகவலைக் கேட்கிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். பதில் வரும்வரை வேலையை நிறுத்திவிட்டு அது காத்திருப்பதில்லை. "பிறகு தருகிறேன்" என்னும் வாக்குறுதியைப் பெற்றுக் கொண்டு மற்ற வேலைகளைப் பார்க்கப் போய்விடுகிறது. அந்த வாக்குறுதிக்கு மூன்றே நிலைகள்: நிலுவை, நிறைவேற்றம், மறுப்பு. நிறைவேறியதோ மறுக்கப்பட்டதோ ஆகிவிட்டால், பிறகு அந்த நிலை மாறாது. இருபது ஆண்டுகளாகக் கோப்புகளில் 'நிலுவையில் உள்ளது' என்று எழுதி எழுதிக் கை சலித்த எனக்கு, இந்த இளைஞர்கள் நம் அலுவலகத்தைப் பற்றியே பேசுகிறார்களோ என்று தோன்றியது. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு: அங்கே மறுப்பு வந்தால் அதை ஏற்று என்ன செய்வது என்று முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டுமாம்.

மூன்றாவது பேச்சைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அது ஒரு நிறுவனத்தின் பொருளுக்கு விளம்பரம். பாதிப் பேர் கைப்பேசியைப் பார்க்கத் தொடங்கி விட்டார்கள்.

இரண்டாவது பேச்சுக்கும் மூன்றாவது பேச்சுக்கும் இடையே தேநீருக்காக இருபது நிமிட ஓய்வு விட்டிருந்தார்கள். உண்மையில் கூட்டம் நடந்தது அப்போதுதான். என் மருமகன் கோப்பையைக் கையில் வைத்துக் கொண்டு சுவரோடு சுவராக நின்றான். பக்கத்தில் நின்ற ஒரு பெண், ஒடிசாவைச் சேர்ந்தவள், "நீ எதில் வேலை செய்கிறாய்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். இவன் தயங்கித் தயங்கிச் சொல்லத் தொடங்கி, எப்படியோ அந்த ஒன்பது நாள் பிழைக்கு வந்து விட்டான். அவளுக்கும் ஹிந்தி சுமார்தான். ஆங்கிலமும் இவனைப் போலவே தட்டுத் தடுமாறி வந்தது. இருவரும் காகிதக் கைக்குட்டை ஒன்றை மேசையில் விரித்து அதில் கட்டம் போட ஆரம்பித்தார்கள்.

அவள் கண்டுபிடித்த காரணத்தை எனக்குப் புரிந்த வகையில் சொல்கிறேன். பக்கத்தில் உள்ள பட்டியல் ஒவ்வொரு தடவை புதுப்பிக்கப்படும்போதும், என்ன நடக்கிறது என்று கவனித்துக் கொண்டிருக்க வாசலில் ஒரு காவலாளியை நியமிக்கிறான் இவன். அடுத்த தடவை புதுப்பிக்கும்போது இன்னொரு காவலாளி. பழைய காவலாளியை விடுவிப்பதே இல்லை. அரை மணி நேரத்தில் வாசலில் ஆயிரம் காவலாளிகள். ஒருவர் மணி அடித்தால் ஆயிரம் பேரும் கதவைத் திறக்க ஓடுகிறார்கள். பக்கம் நொண்டாமல் என்ன செய்யும்?

"பழைய காவலாளியை அனுப்பிவிடு" என்றாள். அனுப்பப் பார்த்தாயிற்று, முடியவில்லை என்றான் இவன். "அவனுக்குப் பெயர் வைத்தாயா?" என்று கேட்டாள். வைக்கவில்லை. பெயரில்லாமல் நியமித்தவனை எப்படிக் கூப்பிட்டு வெளியே அனுப்புவது? முதலில் பெயர் வை, பிறகு அந்தப் பெயரைச் சொல்லி விடுவி என்று கைக்குட்டையின் மூலையில் எழுதிக் காட்டினாள். ஒன்பது நாள் கேள்விக்கு ஒன்பது நிமிடம்கூட ஆகவில்லை. அவள் என் மருமகனைவிட அறிவாளி என்று நான் சொல்லவில்லை. அதே குழியில் அவளும் முந்திய ஆண்டு விழுந்து எழுந்திருந்தாள், அவ்வளவுதான்.

தொழில் செய்வோர் மாலை வேளையிலோ விடுமுறை நாளிலோ இவ்வாறு கூடுவது கணினி உலகில் புதிய வழக்கம் அன்று. 1975ஆம் ஆண்டு மார்ச் 5ஆம் தேதி, கலிபோர்னியாவில் மென்லோ பார்க் என்னும் ஊரில், கார்டன் பிரெஞ்ச் என்பவரின் வீட்டுக் கார் கொட்டகையில் கணினி ஆர்வலர் சிலர் கூடினார்கள். ஹோம்புரூ கணினிக் கழகம் என்று பெயர் பெற்ற அந்தக் கூட்டத்துக்கு ஸ்டீவ் வோஸ்னியாக் என்ற இளைஞரும் வந்திருந்தார். பிறகு ஆப்பிள் நிறுவனத்தின் முதல் கணினியாக விலைக்கு வந்ததன் மின்சுற்று வரைபடத்தை, அதற்கு முன்பே அவர் கழகத்து நண்பர்களுக்கு இலவசமாகப் படியெடுத்துக் கொடுத்தார். அந்தக் கழகம் 1986 வரையில் நடந்தது.

மீட்டப் என்னும் பெயரைப் பரப்பிய இணையத்தளம் 2002இல் நியூயார்க்கில் தோன்றியது. 2001 செப்டம்பரில் அந்நகரில் இரட்டைக் கோபுரங்கள் தகர்க்கப்பட்ட பிறகு, அதுவரை ஒருவரையொருவர் ஏறிட்டும் பாராத அண்டை வீட்டார் பேசிக் கொள்ளத் தொடங்கினார்கள். அதைக் கண்டதில் பிறந்த எண்ணம் அது என்று அதை நிறுவியவர்களுள் ஒருவரான ஸ்காட் ஹைபர்மன் கூறியிருக்கிறார். நம் நாட்டில் அதற்கும் முன்பே, 1998 முதல், சென்னையில் லினக்ஸ் பயனர் குழு செயற்பட்டு வந்திருக்கிறது. ஜாவாஸ்கிரிப்டுக்கென்றே பெங்களூரில் ஹாஸ்கீக் என்னும் அமைப்பு 2011இல் ஜேஎஸ்பூ என்ற மாநாட்டைத் தொடங்கியது. மாநாடு ஆண்டுக்கு ஒரு தடவை வரும் திருவிழா. மாதக் கூட்டமோ கிருத்திகை போன்றது. பெரிய மாநாட்டு மேடையில் ஏறிப் பேசுகிறவர்களுள் பலர் இத்தகைய சிறு கூட்டங்களில் கால் நடுங்கப் பேசிப் பழகியவர்களே.

2020இல் பெருந்தொற்று வந்தபோது மண்டபங்கள் மூடப்பட்டன. கூட்டங்கள் திரைக்குள் போயின. பேச்சுகளைத் திரையில் நடத்துவதில் குறை ஒன்றும் இல்லை. கோவில்பட்டியில் இருப்பவரும் பெர்லினில் இருப்பவரும் ஒருங்கே கேட்க முடிந்தது. ஆனால் தேநீர் மேசையைத் திரைக்குள் கொண்டுபோக எவராலும் இயலவில்லை. காகிதக் கைக்குட்டையும் அங்கே கிடையாது. தொற்று ஓய்ந்த பிறகும் பல குழுக்கள் மண்டபத்துக்குத் திரும்பவே இல்லை.

இக்கூட்டங்களில் குறைகளும் உண்டு, மறைப்பதற்கில்லை. மண்டபமும் தேநீரும் தருகிற நிறுவனம், "எங்களிடம் வேலை காலி இருக்கிறது" என்று ஐந்து நிமிடம் சொல்லிக் கொள்ளும். அது நியாயமே, வேலை தேடுகிறவர்களுக்கும் பயன். பேச்சு முழுவதுமே விற்பனையாகி விட்டால்தான் அடுத்த மாதம் நாற்காலிகள் காலியாகின்றன. பிறகு, அந்த ஐம்பது பேரில் பெண்கள் ஏழே பேர். முன்பெல்லாம் வார நாட்களில் இரவு ஏழு மணிக்குத்தான் கூட்டம் வைப்பார்களாம். முடிந்து வீடு திரும்பப் பத்து மணிக்கு மேல் ஆகும். பெண்கள் எப்படி வருவார்கள்? சனிக்கிழமை காலைக்கு மாற்றிய பிறகே இந்த ஏழு பேர் வரத் தொடங்கினார்கள் என்று வயர்ப் பைக்காரர் சொன்னார்.

எனக்குக் கவலை தந்தது இன்னொன்று. இக்குழுக்களுக்குக் கட்டடம் இல்லை, நிதி இல்லை, சட்டதிட்டப் புத்தகம் இல்லை. இரண்டு மூன்று பேரின் ஊக்கத்திலேயே அவை உயிர் வாழ்கின்றன. ஒருவருக்குக் கல்யாணமாகிறது, ஒருவருக்குப் புனேயில் வேலை கிடைக்கிறது, குழு அப்படியே கலைந்து விடுகிறது. நம்மவர் சங்கங்கள் சிலவற்றில், ஒரே செயலாளர் முப்பது ஆண்டுகளாக இருக்கிறாரே என்று குறைப்படுகிறோம். இங்கே செயலாளர் மூன்று ஆண்டுகள் இருந்தாலே பெரிது. இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கக் கூடாதா என்று எண்ணிக் கொண்டேன்.

நம்மவர் சங்கம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. டில்லித் தமிழ்ச் சங்கம் 1946இல் தோன்றியது. இங்கே வந்திறங்கிய எத்தனையோ பேருக்கு அது தாய்வீடாக இருந்திருக்கிறது, எனக்கும் அப்படித்தான். மருமகனையும் இரண்டு முறை அங்கே அழைத்துப் போனேன். நாடகம் பார்த்தான், நல்ல சாப்பாடு சாப்பிட்டான், மனம் குளிர்ந்து திரும்பினான். ஆனால் திங்கட்கிழமை காலையில் அவனை வாட்டிய துன்பத்தை அங்கே எவரிடம் சொல்வான்? அதைப் புரிந்து கொள்ள அதே தொழிலைச் செய்கிறவர் வேண்டும். அவர் ஒடியராக இருந்தாலென்ன, பஞ்சாபியாக இருந்தாலென்ன? சங்கம் அவனுக்கு ஊரை நினைவூட்டியது. வந்து சேர்ந்த ஊரில் நாலு பேருக்கு அவன் பெயர் தெரிந்தது இந்தச் சனிக்கிழமைக் கூட்டத்தினால்தான்.

உங்கள் வீட்டிலோ உறவிலோ இத்தொழிலில் உள்ள பிள்ளைகள் இருந்தால், அவர்கள் ஊரில் இத்தகைய கூட்டம் உண்டா என்று விசாரிக்கச் சொல்லுங்கள். பெங்களூர், ஐதராபாத், புனே போன்ற நகரங்களில் ஒன்றுக்குப் பலவாக நடப்பதுண்டு. முதல் தடவை போகும்போது அடையாள அட்டையை மறக்க வேண்டாம். கீழே காவலர் விடமாட்டார். பத்து நிமிடம் முன்னதாகப் போவது நல்லது. நாற்காலிகளை வரிசைப்படுத்த ஆள் தேவைப்படும். கூச்சமுள்ள பிள்ளைக்குப் பேச்சுத் தொடங்க அதைவிட எளிய வழி கிடையாது. மூன்றாவது பேச்சு விளம்பரம் என்று தெரிந்தால் எழுந்து வந்துவிடலாம். தேநீருக்கு முன்பு மட்டும் எழுந்து வரக் கூடாது.

என் மருமகன் ஊருக்குப் போகவில்லை. அந்த நிறுவனத்திலேயே இருக்கிறான், மேலாளரும் அவரே. அவர் திருந்தியதாகத் தகவல் இல்லை. ஆனால் ஏதாவது சிக்கினால் கேட்பதற்கு இப்போது இவனுக்கு ஆறேழு பேர் இருக்கிறார்கள். வயர்ப் பைக்காரர் பெங்களூருக்கு மாற்றலாகிப் போய்விட்டார். பை இவனிடம் வந்திருக்கிறது. மாதத்தின் இரண்டாம் வெள்ளிக்கிழமை இரவு அதைத் திறந்து ஒவ்வொரு வயராகச் சோதித்துப் பார்க்கிறான்.

அடுத்த கூட்டத்தில் அவனே பேசுகிறான். பதினைந்து நிமிடம், பெயரில்லாத காவலாளிகளைப் பற்றி. சென்ற ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக் கூடத்தில் என்னையும் என் மனைவியையும் உட்கார வைத்து ஒத்திகை பார்த்தான். நான்கு நிமிடத்தில் பேசி முடித்துவிட்டு வியர்வையைத் துடைத்துக் கொண்டான். மெதுவாகப் பேசு என்று சொல்லியிருக்கிறேன். அன்று எங்கள் அலுவலகத்துக்கு விடுமுறை. நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பேன்.